ஷெலியாக் முங்கிய ஞாயிற்றுக்கிழமை

மகனே,

புதன்கிழமை வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்த நீ, போன வாரம் போனில், "உம்மா, டிக்கெட்ட மாத்திட்டேன், வியாழன்தான் வாரேன்" என்றாய். ஏன் என்று கேட்டேன். "ஒரு வேல இருக்கும்மா" என்றாய். அத்தோடு பேச்சு முடிந்தது. போனை வைத்த கையோடு நான் என்ன செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஷார்ஜாவில் உன்னோடு ஒரே அறையில் இருக்கிற பையனுக்குப் போன் போட்டேன். நலம் விசாரித்தேன், சாப்பாட்டை விசாரித்தேன், பிறகு மெதுவாக, புதன்கிழமை உனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, "அத அவன்ட்டயே கேளுங்களேன்மா" என்றான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? ஞாயிற்றுக்கிழமை நிக்காஹை வைத்துக்கொண்டு, மாப்பிள்ளைக்கு அந்த ஊரில் அப்படி என்ன ஒரு நாள் வேலை? இரண்டு நாள் இதே யோசனையில் சோற்றில் உப்புப் போட மறந்தேன். உன் வாப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அவர் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று அதையும் யோசித்தேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நட்சத்திரம் பார்க்கிறவர்கள் நடத்துகிற அந்தச் சின்னப் பத்திரிகைக்கும் இது போகிறது, நம் குடும்ப வாட்ஸப் குழுவுக்கும் போகிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் உன்னை நாலு பேர் முன்னால் வைத்துத்தான் பொய்யன் என்றேன். அதனால் நாலு பேர் முன்னால்தான் இதையும் சொல்ல வேண்டும். அன்று கூட இருந்து சிரித்த உன் மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை படிக்கட்டும்.

நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். மீன்காரம்மா துடிக்கிற மீனை முகத்துக்கு நேரே நீட்டினாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். தப்பு விடை எழுதிய பிள்ளையைவிடச் சரியான விடை எழுதிய பிள்ளையைத்தான் கூப்பிட்டு விசாரிப்பேன். உன் வாப்பா சவூதியில், தம்மாமில் இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை தோறும் போன் வரும். அவர் பேசுவதை அரைக் காதில் வாங்கிக்கொண்டு, அவருக்குப் பின்னால் என்ன சத்தம் கேட்கிறது என்று கவனித்துக்கொண்டிருப்பேன். ஒரு தடவை ஒரு பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது. மூன்று வாரம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னேன். அது டிவி. அறையில் ஒன்பது பேர் உட்கார்ந்து நாடகம் பார்த்திருக்கிறார்கள். அந்த ஒன்பது பேரும் அடுத்த வெள்ளிக்கிழமை வரிசையாகப் போனை வாங்கி எனக்குச் சலாம் சொல்லி, டிவிதான் என்று சாட்சி சொன்னார்கள். ஒன்பது பேர் ஏன் ஒரே மாதிரி சொல்கிறார்கள் என்று அப்போதும் எனக்கு ஒரு நெருடல் இருந்தது.

நீ கட்டப்போகிற பெண்ணையும் நான் விடவில்லை. நீயே தேர்ந்தெடுத்தவள், ராமநாதபுரத்தில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள் என்றதும், நிச்சயத்துக்கு முன்பே தொண்டியிலிருந்து பஸ் ஏறிப் போய், யாரோ மாதிரி நின்று இருமல் மருந்து வாங்கினேன். அவள் கூட்டத்தில் எப்படிப் பேசுகிறாள், மிச்சக் காசை எப்படிக் கொடுக்கிறாள் என்று பார்க்கத்தான். ஒரு தடவை பார்த்தால் போதுமா? மறுபடி போனேன். மூன்றாம் தடவை போனபோது அவள் மருந்தை எடுக்கவே இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "இப்படி இங்கன உக்காருங்க மாமி. அந்த இருமல் இன்னும் நிக்கலையா?" என்றாள். முதல் நாளே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உன் போனில் என் படத்தைப் பார்த்திருக்கிறாள். நேற்று அவளுக்கே போன் செய்து, நீ ஒரு நாள் தள்ளி வருவது தெரியுமா என்று கேட்டேன். "தெரியும் மாமி" என்றாள். ஏன் என்று தெரியுமா என்றேன். "கேக்கல மாமி. வந்தா சொல்லுவாங்க" என்றாள். நான் போனை வைத்தேன். இப்படியும் ஒருத்தியால் இருக்க முடிகிறதே என்று பொறாமையாக இருந்தது.

இப்போது நட்சத்திரத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் மாமாவுக்காக விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ராமநாதபுரத்தில் பழைய புத்தகக் கடை ஒன்றில் கட்டோடு கட்டாகக் கிடந்த வானவியல் புத்தகத்தை நான் வாங்கி வந்ததே, அதன் பின்பக்க அட்டவணைகள் சரியா என்று சோதித்துப் பார்க்கத்தான். "அல்லாஹ் படைச்ச நட்சத்திரத்தயே சந்தேகப்படுறவ நீ ஒருத்திதான்" என்று உன் வாப்பா போனில் சிரித்தார். அதில் ஷெலியாக் என்ற நட்சத்திரம் எனக்குப் பிடித்துப்போனது. பெயரிலேயே அரபி வாடை அடிக்கும். மொட்டை மாடியில் நின்றால், மழைக் காலத்துக்கு முந்தின மாதங்களில், வடக்கே பளிச்சென்று எரிகிற வேகா நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் தள்ளி வெறும் கண்ணுக்கே தெரியும். ஒற்றைப் புள்ளியாகத் தெரிவது உண்மையில் இரண்டு நட்சத்திரம். ஒன்றையொன்று சுற்றுகிறபோது மாறி மாறி மறைத்துக்கொள்ளும். மறைக்கும்போது வெளிச்சம் குறையும். கிட்டத்தட்டப் பதின்மூன்று நாளுக்கு ஒரு தடவை நன்றாக மங்கும், நடுவில் ஒரு தடவை லேசாக மங்கும். இதற்கு 'முங்குறது' என்று பெயர் வைத்தவன் நீ. உனக்கு அப்போது பதினாலு வயது. "உம்மா, ஷெலியாக் முங்கிருச்சு" என்று நீ மாடியிலிருந்து கத்தினால், பக்கத்து வீட்டில் ஏதோ தோணி கவிழ்ந்துவிட்டது என்று பயந்து வெளியே வருவார்கள்.

பார்ப்பதற்குக் கருவி எதுவும் கிடையாது. பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இதற்குச் சமமா, அதைவிடக் கம்மியா என்று கண்ணால் மதிப்பிட்டு ஒரு எண் எழுத வேண்டும். இங்கேதான் ஆபத்து. அடுத்தவர் எழுதிய எண் தெரிந்துவிட்டால் நம் கண்ணும் அதையே பார்க்கும். அதனால்தான் அந்தச் சட்டத்தைப் போட்டேன்: உனக்கு ஒரு நோட்டு, எனக்கு ஒரு நோட்டு, இரண்டுக்கும் ரப்பர் பேண்டு, மாதம் முடிகிற வரை ஒருவர் நோட்டை ஒருவர் தொடக் கூடாது. மாதக் கடைசியில் சாப்பாட்டு மேசையில் தேநீரோடு உட்கார்ந்து சத்தமாகப் படித்து ஒப்பிடுவோம். மூன்று வருஷம் அப்படி நடந்தது. உலகத்தில் நான் ஒருவரையும் விசாரிக்காமல் உட்கார்ந்திருந்த நேரம் அது ஒன்றுதான். முங்கு நாள் எது என்று மட்டும் முன்கூட்டியே அந்தப் பழைய அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டு நான் எழுதி வைத்துக்கொள்வேன். உனக்குச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீ பார்க்காமலே எழுதிவிடுவாய் என்று சந்தேகம்.

உனக்குப் பதினேழு வயதில் பரமக்குடியில் உன் சாச்சிக்குப் பிரசவம். என் தங்கச்சிக்குத் துணையாக நான் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். போகும்போது, "நீ இங்கன பாரு, நான் அங்கன பாக்குறேன், ஒரு நாள்கூட விடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனேன். என் கணக்குப்படி அந்தச் சனிக்கிழமை ஷெலியாக் முங்க வேண்டும். அதே சனிக்கிழமை நம் ஊரில் கால்பந்துப் போட்டியின் கடைசி ஆட்டம், லைட் வெளிச்சத்தில். உன் கூட்டாளிகள் எல்லாரும் ஆடினார்கள். நான் திரும்பி வந்த அன்று காலை, நீ குளிக்கப் போன நேரத்தில், உன் நோட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினேன். சட்டம் போட்டவளே சட்டத்தை மீறினேன். சனிக்கிழமை ஷெலியாக் முங்கவில்லை என்றும் ஞாயிற்றுக்கிழமைதான் முங்கியது என்றும் எழுதியிருந்தாய். எண்ணை மட்டும்தான் பார்த்தேன். அப்போதே முடிவு கட்டிவிட்டேன்: சனிக்கிழமை பந்தாட்டம் பார்க்கப் போயிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை மேலே போயிருக்கிறான், போகாத நாளுக்கு மனதில் தோன்றியதை எழுதியிருக்கிறான்.

அன்று மாலை உன் மாமா குடும்பம், பிறந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு நம் வீட்டுக்கு வந்திருந்தது. அவர்கள் முன்னாலேயே இரண்டு நோட்டையும் மேசையில் வைத்தேன். நீ படித்தாய். நான் என் நோட்டை எடுத்து, "பரமக்குடில சனிக்கெழம முங்கிருச்சு, தொண்டில மட்டும் ஞாயித்துக்கெழம முங்குமோ? வானம் ரெண்டா இருக்கா?" என்று கேட்டேன். மாமா சிரித்தார். "வல்லாஹி நான் பாத்தேன் உம்மா. சனிக்கெழம அது முங்கவே இல்ல" என்றாய். "பந்தாட்டத்துக்குப் போனேன்னு சொல்லிட்டுப் போயேன்லே, அதுக்கு எதுக்குப் பொய்ச் சத்தியம்?" என்றேன். நீ உன் நோட்டின் ரப்பர் பேண்டைக் கையில் எடுத்தாய். பிறகு மெதுவாக, "என் ரப்பர் பேண்டு மூணு சுத்து சுத்தியிருந்தேன். இப்ப கழட்டுறப்ப ரெண்டுதான் இருந்துச்சு" என்றாய். அதற்கு நான் சொன்ன பதிலை இப்போது எழுதவே கை கூசுகிறது. "ஒளிக்க ஒண்ணுமில்லாதவனுக்கு எதுக்குடா மூணு சுத்து?" என்றேன். நீ எழுந்து போய்விட்டாய். உன் நோட்டு மேசையிலேயே கிடந்தது. நீ அதைத் திரும்ப எடுக்கவே இல்லை.

மாடிக்கு வருவதை நிறுத்தினாய். பிளஸ் டூ முடித்ததும் பௌதிகம் படிக்கப் போகிறாய் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன், நீ பி.காம் என்றாய். ஏன் என்று கேட்டதற்கு, "அது சரிப்படாதும்மா" என்று மட்டும் சொன்னாய். அந்த ஒரு சாயங்காலத்தால்தான் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்கிற நான், இதை மட்டும் உன்னிடம் கேட்கவில்லை. பதில் தெரிந்துவிடும் என்ற பயம்.

இப்போது என் இரண்டு கண்ணிலும் புரை. தெருவிளக்கு மூன்றாகத் தெரிகிறது, ஷெலியாக் தெரியவே இல்லை. உன் கல்யாணம் முடிந்ததும் ஆபரேஷன். அதற்கு முன்னால் பழைய குறிப்புகளை எல்லாம் ஒழுங்காகத் தட்டச்சு செய்து பத்திரிகைக்காரர்களுக்கு அனுப்பிவிடலாம் என்று போன மாதம் உட்கார்ந்தேன். என்னுடையதோடு உன்னுடையதையும் சேர்த்தேன். அந்தச் சனிக்கிழமைப் பக்கத்துக்கு வந்தபோது, எண்ணுக்குக் கீழே நீ சின்ன எழுத்தில் எழுதியிருந்த வரியை முதல் தடவையாகப் பார்த்தேன்: 'மைதானத்துல கத்துறாங்க. யார் ஜெயிச்சாங்கன்னு தெரியல.' உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் என் புத்தி போகவில்லை. பார், சாட்சிக்கு ஒரு வரி எழுதி வைத்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, அந்தக் குறிப்புகளைச் சரிபார்க்கிற இளம்பெண்ணிடமிருந்து பதில் வந்தது. தொண்டியில் பார்த்த பையனின் குறிப்புகள் மிக நன்றாக இருக்கின்றன, அந்த ஞாயிற்றுக்கிழமை முங்கு இன்றைய கணக்கோடு அப்படியே பொருந்துகிறது என்று எழுதியிருந்தாள். பரமக்குடியில் பார்த்தவரின் சனிக்கிழமைக் குறிப்பு மட்டும் புரியவில்லை, அன்று ஷெலியாக் அவ்வளவு மங்கலாக இருந்திருக்கவே முடியாது, மேகம் ஏதாவது இருந்ததா, கேள்விக்குறி போடட்டுமா என்று கேட்டிருந்தாள்.

காரணத்தையும் அவளே விளக்கியிருந்தாள். அந்த இரண்டு நட்சத்திரமும் மிக நெருக்கமாக இருப்பதால், ஒன்றின் வாயு வழிந்து மற்றொன்றின் மேல் கொட்டிக்கொண்டே இருக்கிறதாம். கொட்டுவது நேராகப் போய் விழாமல் சுற்றிச் சுற்றிச் சுழன்று ஒரு தடித்த வட்டாக நிற்கிறது, கிரைண்டரில் ஓரத்தில் ஏறி நிற்கிற மாவு போல. எடை கூடின நட்சத்திரம் அந்த வட்டுக்குள் மறைந்து கிடக்கிறது. எடை குறைந்ததுதான் நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது. சின்னதிலிருந்து பெரியதுக்கு எடை போகப் போக, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகின்றன. ஒரு சுற்று முடிய எடுக்கிற நேரம் வருஷத்துக்குப் பத்தொன்பது வினாடி கூடுகிறது. பத்தொன்பது வினாடி ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு சுற்றின் தாமதமும் அடுத்த சுற்றின் தலையில் ஏறும். என் புத்தகம் அன்றைக்கே இருபது வருஷத்துக்கு மேல் பழசு. அதற்குள் முங்கு ஒரு நாளுக்கு மேல் பிந்திவிட்டது. நான் இதையும் நம்பவில்லை. பேனாவை எடுத்து மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. ஷெலியாக்தான் தாமதமாக வந்திருக்கிறது. நீ அது வந்ததை வந்தபடி எழுதியிருக்கிறாய். மீன்காரம்மாவை, பள்ளிப் பிள்ளைகளை, புருஷனை, பெற்ற மகனைச் சந்தேகப்பட்ட நான், அச்சடித்த அந்த ஒரு அட்டவணையை மட்டும் சந்தேகப்படவில்லை. அதற்கு முந்தின மாதங்களிலும் அது நாள் தள்ளி மங்குவதாக எனக்கே பட்டதுண்டு. கடல் ஈரம், மேகம், என் கண் என்று ஏதோ காரணம் எழுதிக் கணக்கோடு ஒட்டவைத்திருக்கிறேன்.

இதோடு நிறுத்தியிருந்தால், உம்மாவின் புத்தகம் பழசு, பாவம் என்று நீ மன்னித்துவிட்டுப் போயிருப்பாய். அப்படி மன்னித்துவிடக் கூடாது. அந்தப் பெண் கேட்டாளே, மேகம் இருந்ததா என்று. எனக்குத் தெரியாது. அந்தச் சனிக்கிழமை நான் பரமக்குடியில் மாடிக்குப் போகவே இல்லை. குழந்தைக்கு விக்கல் நிற்கவில்லை, உன் சாச்சி அழுதுகொண்டிருந்தாள், எனக்குக் கால் வலி. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அட்டவணை என்ன சொல்கிறதோ அந்த எண்ணை என் நோட்டில் எழுதிவிட்டு ரப்பர் பேண்டைப் போட்டேன். ஒரு நாள்கூட விடக் கூடாது என்று உனக்குச் சொன்னவள் நான். பந்தாட்டத்தை விட்டுவிட்டு மாடியில் நின்றவன் நீ. மாமா முன்னால் நான் நீட்டிக் காட்டிய நோட்டில் இருந்ததுதான் பொய். மேசையில் உன்னை மடக்கும்போது எனக்கு அது தெரியும். தெரிந்தும், நான் எழுதியது சரியாகத்தான் இருக்கும், நான் செய்ததைத்தான் இவனும் செய்திருப்பான் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் உன்னைச் சந்தேகப்பட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உன் முகத்தில் என்னைத்தான் தேடியிருக்கிறேன். மகனே, என்னை மன்னித்துவிடு.

அந்தப் பெண்ணுக்கு நேற்றே பதில் எழுதிவிட்டேன். கேள்விக்குறி வேண்டாம், அந்த வரியை அடித்துவிடு, அன்று பரமக்குடியில் யாரும் வானத்தைப் பார்க்கவில்லை என்று எழுதினேன். தொண்டிக் குறிப்புக்கு நேரே உன் முழுப் பெயரைப் போடச் சொன்னேன்.

உனக்குப் புத்திமதி சொல்கிற தகுதி எனக்குப் போய்விட்டது. இருந்தாலும் தாய் வாய் சும்மா இருக்காது. உன் மனைவி ஒரு நாள் தாமதமாக வந்தால், அவளைக் கேட்பதற்கு முன்னால் உன் கையில் இருக்கிற அட்டவணை எந்த வருஷத்தது என்று பார்த்துக்கொள். கேட்டே ஆக வேண்டுமென்றால் அவளிடமே ஒரே ஒரு தடவை கேள். அவள் தோழியிடம் கேட்காதே. அவள் நோட்டைத் திறக்காதே. அவளிடமிருந்து நீயே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. எனக்கு ஸ்டூல் போட்டவள் அவள்.

வியாழக்கிழமையே வா. ஏன் என்று நான் கேட்க மாட்டேன். கேட்கத் தோன்றும், மறைப்பதற்கில்லை. இதை எழுதும்போதே தோன்றுகிறது. வாயைப் பொத்திக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு இஷா தொழுகைக்குப் பிறகு ஷெலியாக் முங்கும் என்று புதுக் கணக்கு சொல்கிறது. விருந்தாளிகள் கீழே இருக்கட்டும். நீ அவளுக்கு ஒரு போனைப் போட்டுச் சொல்லிவிட்டு ஒரு கால் மணி நேரம் மாடிக்கு வா. நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், மடியில் உன் பழைய நோட்டு இருக்கும். ரப்பர் பேண்டை எடுத்துப் போட்டாயிற்று. நீ மேலே பார்த்து ஒரு எண் சொல். பரமக்குடியில் செய்ததைப் போலவே அன்றும் உம்மா வானத்தைப் பார்க்காமல்தான் எழுதப் போகிறேன். இந்தத் தடவை, நீ சொல்வதை.

உன் உம்மா
தொண்டி